பச்சிங்கோவில் கட்டைவிரலுக்கு வேலை போன கதை

ஜப்பானில் பயிற்சிக்குப் போயிருந்த நாட்களைப் பற்றி முன்பு எழுதியபோது பச்சிங்கோ என்ற விளையாட்டை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அது என்ன சமாசாரம், கொஞ்சம் விளக்கமாக எழுதுங்களேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். முழு வரலாற்றையும் எழுதப் புகுந்தால் புத்தகமாகிவிடும். அதனால் அந்த மெஷினில் இருந்த ஒரே ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வலது கைக் கட்டைவிரலால் அழுத்திவிடுகிற ஒரு சின்ன ஸ்பிரிங் நெம்புகோல்தான் அது. பல பத்தாண்டுகளாக பச்சிங்கோவோடு ஒட்டிக்கொண்டு இருந்த அந்த நெம்புகோல் 1970களில் காணாமல் போயிற்று. அடிக்கடி உடைகிற சாமான் அல்ல. விலை கூடியதும் அல்ல. பிறகு ஏன் எடுத்தார்கள்? கோவையில் டூல் ரூமிலும் மெஷின் ஷாப்பிலும் முப்பத்தெட்டு வருஷம் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி மேல் தனி ஆசை உண்டு.

பார்க்காதவர்களுக்காக முதலில் மெஷினைச் சொல்லிவிடுகிறேன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பொருட்காட்சிக் கடைகளில் ஆணி அடித்த சரிவுப் பலகை ஒன்று விற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் இருக்கும் ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் கோலிக்குண்டு மேலே ஓடி, ஆணிகளில் தட்டித் தட்டிக் கீழே இறங்கி, 50, 100 என்று எழுதிய வளைவுகளில் போய் உட்காரும். வெள்ளைக்காரர்கள் அதை பகடெல் என்பார்கள். அந்தப் பலகையைத் தூக்கிச் சுவரோடு செங்குத்தாக நிறுத்தி, முன்னால் கண்ணாடி போட்டு மூடினால் கிட்டத்தட்ட பச்சிங்கோ.

கோலிக்குண்டுக்குப் பதில் இதில் எஃகுக் குண்டு. 11 மில்லிமீட்டர் விட்டம், ஐந்தரை கிராம் எடை. பார்க்க நம் சைக்கிள் பால்ரஸ் போலவே இருக்கும், அளவு மட்டும் பெரிது. கடைக்காரரிடம் காசு கொடுத்துக் குண்டுகளை வாங்க வேண்டும். வாங்குவது என்றுகூடச் சொல்லக்கூடாது, வாடகைக்கு எடுப்பது என்பதே சட்டப்படி சரியான சொல். ஒவ்வொன்றாக மேலே அடித்துவிட, அது பித்தளை ஆணிகளுக்கு நடுவே விழுந்து இறங்கும். பெரும்பாலும் அடியில் உள்ள ஓட்டையில் போய்ப் போனது போனதுதான். ஏதாவது ஒரு குழிக்குள் விழுந்துவிட்டால் கைப்பிடி குண்டுகள் பரிசாகத் திரும்பி வரும். கடைசியில் மிஞ்சிய குண்டுகளை எண்ணி சிகரெட், சாக்லேட், சோப்பு என்று பொருளாக மாற்றிக்கொள்ளலாம். பணமாகக் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் வெளியே சந்துக்குள் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அங்கே அந்தப் பரிசுப் பொருளைக் கொடுத்தால் பணம் கிடைக்கும். அது தனிக் கடை என்பது கணக்கு. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

ஜப்பானுக்கு இந்த ஆட்டம் 1920களில் அமெரிக்காவிலிருந்து குழந்தைகள் விளையாட்டாக வந்தது. மிட்டாய்க் கடைகளில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் காசு போட்டு ஆடி மிட்டாய் ஜெயிப்பார்கள். குண்டு ஆணியில் படும்போது வருகிற 'பச்சி பச்சி' என்ற சத்தத்திலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. ஜப்பானிய மொழியில் உண்டிவில்லுக்கும் இதே பெயர்தான் என்று அங்கே போனபோது தெரிந்துகொண்டேன். பொருத்தம்தான். இரண்டிலும் விரல்தானே பிரதானம்!

1930 வாக்கில் நகோயா நகரத்தில் பெரியவர்களுக்கான கடைகள் வந்தன. யுத்தம் வந்தபோது கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். யுத்தம் முடிந்ததும் மறுபடி துளிர்த்ததும் அதே நகோயாவில்தான். ஊர் முழுக்கக் குண்டுவீச்சில் சாம்பல். விமானத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஊர் என்பதால் மிச்சம் கிடந்த பால் பேரிங் குண்டுகள் பச்சிங்கோவுக்கு வந்தன என்று அங்கே சொல்வார்கள். சிகரெட்டுக்கும் இனிப்புக்கும் கடும் தட்டுப்பாடு இருந்த காலம். நாள் முழுக்க உழைத்தவன் நாலு காசுக்கு ஆடி ஒரு பாக்கெட் சிகரெட் கொண்டுபோனால் அதுவே பெரிய விஷயம்.

அந்த நகோயாக்காரர்களில் மசமுரா தகேய்ச்சி என்பவரைப் பச்சிங்கோவின் தந்தை என்றே சொல்கிறார்கள். அதுவரை ஆணிகளைப் பலகை முழுக்க ஒரே சீராக அடித்திருப்பார்கள். மசமுரா 1940களின் கடைசியில் அதை மாற்றினார். சில இடங்களில் ஆணிகளை நெருக்கி, சில இடங்களைக் காலியாக விட்டு, நடுவே சுற்றுகிற சின்னக் காற்றாடிகளை வைத்தார். குண்டு இப்போது ஒரு பக்கம் போவதுபோல் போய் மறுபக்கம் திரும்பும். குழிக்கு அருகே வந்து, விளிம்பில் தயங்கி, விலகிப் போகும். பார்ப்பவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்த அமைப்பை அவர் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. ஆளாளுக்குப் பார்த்துச் செய்துகொண்டார்கள். சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இப்போது மெஷினின் பின்பக்கத்துக்கு வருவோம். என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் விருந்து. பழைய பச்சிங்கோ மெஷினில் ஆட்டத்துக்கு மின்சாரம் தேவையே இல்லை. விளக்கு எரிய மட்டும்தான் கரண்ட். குழிக்குள் விழுந்த குண்டு பின்பக்கம் ஒரு வாய்க்காலில் ஓடி, சீசா பலகை போன்ற ஒரு நெம்புகோலின் முனையில் விழும். அந்த ஐந்தரை கிராம் எடையே அதைச் சாய்த்துவிடும். சாய்ந்ததும், 15 குண்டுகளை அளந்து வைத்திருக்கும் ஒரு தொட்டில் திறந்துகொள்ளும். 15 குண்டும் கலகலவென்று முன்பக்கத் தட்டில் கொட்டும். போகிற போக்கில் ஒரு மணியையும் 'டிங்' என்று தட்டிவிட்டுப் போகும். பிறகு தொட்டில் தானே மூடிக்கொண்டு அடுத்த 15ஐ நிரப்பிக்கொள்ளும். எண்ணுவதற்கு ஆள் இல்லை, கணக்குத் தப்பாது. ஒரு சின்னக் குண்டின் எடையை மட்டும் நம்பிச் செய்த வேலை.

முன்பக்கம் வலது கீழ் மூலையில்தான் நம் கதாநாயகன். அரை விரல் நீளமுள்ள நெம்புகோல். கட்டைவிரலால் கீழே அழுத்தினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் இழுபடும். சட்டென்று விட்டால் சின்னச் சுத்தியல் ஒன்று பாய்ந்து குண்டைத் தட்டும். குண்டு இடப்பக்கத் தண்டவாளத்தில் ஏறி, வளைந்து உச்சிக்குப் போய் ஆணிகளுக்குள் இறங்கும். குறைவாக அழுத்தினால் பாதி வழியில் திரும்பிவிடும். அதிகமாக அழுத்தினால் வலது கோடிக்குப் போய் மோதும். உச்சியில் உள்ள எந்த ஆணிகளுக்கு நடுவே விழ வேண்டும் என்று பார்த்து அடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்டிரைக்கரை எவ்வளவு சுண்ட வேண்டும் என்று யாராவது எழுதிக் காட்ட முடியுமா? விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பச்சிங்கோ ஆட்டக்காரர்கள் இடது கையில் ஒரு பிடி குண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டையில் தள்ளுவார்கள். வலது கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருக்கும். நாற்காலிகூடக் கிடையாது, நின்றுகொண்டே ஆட வேண்டும். பழகியவர்களுக்கு இரண்டு கையும் தறி நெய்கிறவர் கையைப் போல ஒரே தாளத்தில் போகும்.

இந்தத் தாளத்தைக் கலைக்க முதல் முயற்சி 1952, 53 வாக்கிலேயே நடந்தது. குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டியதில்லை, தட்டில் கொட்டிவிட்டால் தானாக ஓடிவந்து சுத்தியலின் முன்னால் நிற்கும் என்று ஒரு புது மெஷின் வந்தது. இடது கை வேலை மிச்சம். தட்டத் தட்டக் குண்டு பாயும். நிமிடத்துக்கு நூறைத் தாண்டி அடிக்க முடிந்தது. இயந்திரத் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். ஜனம் பைத்தியமாகிவிட்டது. நாடு முழுக்க நாற்பதாயிரத்துக்கும் மேல் கடைகள்.

கூடவே வேறு கதைகளும் வந்தன. சம்பளக் கவரோடு கடைக்குள் போய் வெறும் கவரோடு வெளியே வந்தவர்கள், பரிசுப் பொருளை மாற்றுகிற தொழிலில் புகுந்த ரௌடிக் கூட்டம், பத்திரிகைகளில் கண்டனம். 1954 கடைசியில் டோக்கியோவின் பொதுப் பாதுகாப்பு ஆணையம் இந்தத் தொடர் அடி மெஷின்களுக்குத் தடை போட்டது. மற்ற ஊர்களும் பின்பற்றின. 1955ல் தடை அமலுக்கு வந்தது. அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் நாற்பதாயிரம் கடைகள் பத்தாயிரத்துக்கும் கீழே சரிந்தன. மெஷின் செய்தவர்களில் பெரும்பாலோர் தொழிலை விட்டே போனார்கள்.

இந்தத் தடையில் ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரிகள் ஆணியைத் தடை செய்யவில்லை. பரிசைத் தடை செய்யவில்லை. ஆட்டத்தையே தடை செய்யவும் இல்லை. அவர்கள் தடை செய்தது வேகத்தை. பழையபடி ஒரு குண்டைப் போடு, அடி, அடுத்ததைப் போடு என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு விநாடிக்கு ஒரு குண்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 30 குண்டு. நூறு குண்டு அடிக்கிறவனைவிட மூன்று மடங்கு நேரம் அவன் பணம் நிற்கும். இடையில் யோசிக்கவும், கை வலிக்கவும், வீட்டு ஞாபகம் வரவும் அவகாசம் உண்டு. கை என்பது குண்டை அடிக்கிற கருவி மட்டுமல்ல, பிரேக்கும்கூட என்று அந்த அதிகாரிகள் புரிந்துவைத்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேகம் போனதும் மெஷின் செய்கிறவர்கள் வேறு வழியில் மூளையைச் செலுத்தினார்கள். 1960 வாக்கில் 'டியூலிப்' என்ற குழி வந்தது. பூப்போல இரண்டு இதழ். ஒரு குண்டு உள்ளே விழுந்தால் இதழ்கள் விரியும். விரிந்த பூவில் அடுத்த குண்டு எளிதாக விழும். விழுந்ததும் இதழ் மூடிக்கொள்ளும். இதுவும் குண்டின் எடையாலேயே நடப்பதுதான். மோட்டாரும் இல்லை, வயரும் இல்லை. இந்தப் பூ தொழிலையே காப்பாற்றிவிட்டது என்கிறார்கள். அதே காலத்தில் கடைகளின் பின்பக்கமும் மாறியது. முன்பு மெஷின் வரிசைக்குப் பின்னால் குறுகலான சந்தில் பெண்கள் நின்றுகொண்டு ஒவ்வொரு மெஷினுக்கும் குண்டு நிரப்புவார்கள். அந்த வேலையைக் கன்வேயர் எடுத்துக்கொண்டது. கடைக்காரருக்குச் செலவு குறைந்தது. இனி ஒரு மெஷின் ஒரு மணி நேரத்தில் எத்தனை குண்டு விழுங்குகிறது என்பதுதான் கணக்கு.

1969ல் தடை தளர்ந்தது. குண்டு தானாக வந்து நிற்கலாம், ஆனால் நிமிடத்துக்கு 100க்கு மேல் கூடாது என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். இங்கேதான் கட்டைவிரலுக்கு ஆபத்து வந்தது. மெஷின் ஷாப்பில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த பாடம். ஒரு வரிசையில் எல்லா மெஷினையும் வேகமாக்கிவிட்டு ஒன்றை மட்டும் பழையபடி விட்டால், அத்தனை பேர் கண்ணும் அந்த ஒன்றின் மேல்தான் விழும். குண்டு நிரப்புவது கன்வேயர், குண்டை நிறுத்துவது வாய்க்கால், பரிசைக் கொட்டுவது தொட்டில். மிச்சம் இருந்த ஒரே மனித உறுப்பு கட்டைவிரல். நிமிடத்துக்கு 100 என்றால் மணிக்கு 6,000. மூன்று மணி நேரம் ஆடினால் 18,000 தடவை. எந்த விரல் தாங்கும்?

1970களின் தொடக்கத்தில் விடை வந்தது. மின்சாரக் கைப்பிடிக்கு 1972ல் அனுமதி கிடைத்தது. நெம்புகோல் இருந்த இடத்தில் வட்டமான ஒரு குமிழ். அதைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் சுத்தியலை இழுத்து இழுத்து விடும். அதிகம் திருப்பினால் குண்டு பலமாகப் போகும். குறைத்துத் திருப்பினால் மெதுவாகப் போகும். சரியான இடம் கிடைத்ததும் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கட்டைவிரல் மெஷின்கள் கடைகளிலிருந்து மெல்ல மறைந்துவிட்டன.

ஏன் போனது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. நான் புரிந்துகொண்டவரை நாலு பேருக்கு நாலு லாபம். ஆட்டக்காரனுக்கு விரல் வலி போயிற்று. வயதானவர்களும் புதிதாக வருகிறவர்களும் முதல் நாளே மற்றவர்களைப் போல அடிக்க முடிந்தது. கடைக்காரருக்கு ஒவ்வொரு நாற்காலியும் சீராகக் குண்டு விழுங்கியது. மெஷின் செய்கிறவருக்கு நாடு முழுக்க இருந்த பழைய மெஷின்களைக் கழித்துப் புதிது விற்க வழி கிடைத்தது. நாலாவது லாபம்தான் வேடிக்கை. அது அதிகாரிகளுக்கு. கட்டைவிரலின் வேகத்தை அளக்க முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். மோட்டாரின் வேகத்தைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிடலாம். நிமிடத்துக்கு 100 என்றால் 100தான். வேகத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்த சட்டத்துக்கு, கையைவிட மோட்டார் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது.

ஆனால் உச்சவரம்பு என்று வைத்ததே எல்லோருக்கும் சராசரி ஆகிவிட்டது. முன்பு நூறு அடிக்கக்கூடிய ஆள் அபூர்வம். அவனும் அரை மணி நேரத்தில் களைத்துப்போவான். இப்போது அறுபது வயது அம்மாவும் காலை முதல் இரவு வரை நிமிடத்துக்கு நூறு. 1978 முதல் ஒரு குண்டுக்கு 4 யென். ஒன்றுமே திரும்பி வராவிட்டால் மணிக்கு 24,000 யென். நடுவில் குண்டுகள் திரும்பி வரும் என்பது உண்மை. ஆனால் கடை லாபத்தில் நடக்கிறது என்பதும் உண்மைதானே.

நான் நகோயா பக்கம் ஆறு மாதப் பயிற்சிக்குப் போனது 1983ல். எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் 'ஹான்ச்சோ' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊர் மேஸ்திரி மாதிரி. ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார், அளவு கருவியைத் தொடும்போது பூஜைச் சாமானைத் தொடுவதுபோலத் தொடுவார். ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் மூன்று பேரை ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த பச்சிங்கோ கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே பழைய கடற்படை அணிவகுப்புப் பாட்டு அலறுகிறது. சிகரெட் புகை கண்ணை எரிக்கிறது. ஆயிரக்கணக்கான எஃகுக் குண்டுகள் ஓடுகிற சத்தம், எங்கள் பிரஸ் ஷாப் தோற்றுவிடும். 500 யென்னுக்கு 125 குண்டு கொடுத்தார்கள். குமிழைத் திருப்பினேன். குண்டுகள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. நான் ஆடினேன் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் தட்டு காலி.

ஹான்ச்சோ ஆடவில்லை. வெளியே வந்ததும், நீங்கள் ஏன் ஆடவில்லை என்று கேட்டோம். மொழிபெயர்க்க வந்திருந்த இளைஞர் எடுத்துச் சொன்னார். அவர் வலது கட்டைவிரலை நீட்டி, நகத்துக்குக் கீழே ஓரத்தில் தடித்திருந்த தோலைக் காட்டினார். இளவயதில் சம்பள நாளன்று ஆடுவாராம். "விரல் வலித்தால் வீட்டுக்குப் போய்விடுவேன். இப்போது ஆடுகிறவனுக்கு என்ன வலிக்கிறது?" என்றார். அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, "பர்ஸ்" என்றார். ஹான்ச்சோ சிரிக்கவில்லை. "பர்ஸ் மறுநாள்தான் வலிக்கும்" என்றார். அவருடைய தம்பி ஒருவர் பச்சிங்கோவில் கடனாகிக் குடும்பத்தை விட்டுப் போனவர் என்று பிறகு அந்த இளைஞர் மூலம் தெரிந்தது. அதற்குமேல் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு யோசிக்க யோசிக்க, பச்சிங்கோவைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான வார்த்தை அதுதான் என்று பட்டது. உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை உடனே வரும். பணம் கொடுக்கிற எச்சரிக்கை தாமதமாக வரும். அந்த நெம்புகோலை எடுத்தபோது முதல் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். வலியைப் போக்குவது நல்ல காரியம்தானே. என் தொழிலில் நானே எத்தனையோ கைவேலையை மோட்டாருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன், தொழிலாளிகள் வாழ்த்தியும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வலி போனால் எட்டு மணி நேரத்தில் ஷிப்ட் முடிந்துவிடும். பச்சிங்கோ கடையில் சங்கு ஊதி வீட்டுக்கு அனுப்ப ஆள் இல்லை.

திறமையின் கதை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். கொஞ்ச காலம் அது விரலிலிருந்து கண்ணுக்கு இடம் மாறி உயிரோடு இருந்தது. கடை மூடிய பிறகு சின்னச் சுத்தியலோடு ஆணிகளை மயிரிழை அளவு வளைத்துச் சரிசெய்கிற நிபுணர்கள் இருந்தார்கள். எந்த மெஷினில் ஆணி கொஞ்சம் தாராளமாக விரிந்திருக்கிறது என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கிற ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். 1980ல் சாங்கியோ கம்பெனியின் 'ஃபீவர்' என்ற மெஷின் வந்ததும் அதுவும் தேய ஆரம்பித்தது. நடுவில் மூன்று உருளைகள் சுழலும். மூன்றிலும் 7 நின்றால் பெரிய கதவு திறந்து குண்டு மழை கொட்டும். 7 நிற்பதா வேண்டாமா என்பதை உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் முடிவு செய்யும். அந்த மெஷினில் பழைய கட்டைவிரல் நெம்புகோலை மறுபடி பொருத்தினாலும் பிரயோஜனம் இல்லை. அடிக்கிற கலைக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

ஆனாலும் சட்டம் கையை முழுதாக மறந்துவிடவில்லை. பச்சிங்கோ சூதாட்டம் அல்ல, ஆடுகிறவன் தன் கையால் குறி பார்த்து அடிக்கிற விளையாட்டு என்பதுதான் அதன் சட்ட அந்தஸ்து. அதனால் குமிழை ஆட்டக்காரன் பிடித்திருக்க வேண்டும். குமிழின் இடுக்கில் நாணயத்தைச் செருகி அசையாமல் நிறுத்திவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. கடைகள் அதைக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும். இப்போதைய குமிழ்களில் ஓர் உலோக வளையம் இருக்கிறது. மனிதத் தோல் பட்டால்தான் அது உணர்ந்து மோட்டாரை ஓட விடும். கையை எடுத்தால் அடி நிற்கும்.

பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஒன்றை ஞாபகப்படுத்தும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அந்தப் பட்டன்கள் வேலை செய்வதற்காக வைத்தவை அல்ல, கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக வைத்தவை. பச்சிங்கோ வளையமும் அப்படித்தான். கைக்கு வேலை கிடையாது, வருகைப் பதிவு மட்டும். ஆனால் பிரஸ்ஸில் அந்தப் பட்டன் தொழிலாளியின் விரலைக் காப்பாற்றுகிறது. இங்கே வளையம் எதைக் காப்பாற்றுகிறது என்று யோசித்தால், சட்டத்தில் எழுதியிருக்கும் ஒரு வார்த்தையைத்தான் என்று படுகிறது.

கழித்துக் கட்டிய அந்தப் பழைய மெஷின்களுக்கு ஒரு நல்ல முடிவும் கிடைத்தது. 1970களில் அவை கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போயின. வீட்டு அலங்காரமாகவும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகவும் அங்கே விற்றன. இன்றும் அமெரிக்காவில் பலர் அவற்றைத் தேடி வாங்கி, துரு நீக்கி, ஸ்பிரிங் மாற்றி, மணி அடிக்க வைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். நிஷிஜின் என்ற பெயர் போட்ட மெஷின்களை அவர்களிடம் அதிகம் பார்க்கலாம். காசு போகிற பயம் இல்லாமல் கட்டைவிரலால் தட்டித் தட்டி ஆடுகிறார்கள். அதாவது, மிட்டாய்க் கடையில் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கே அவை திரும்பிப் போய்விட்டன.

ஜப்பானில் 2023ல் அடுத்த படியும் ஏறியாகிவிட்டது. 'ஸ்மார்ட்' பச்சிங்கோ என்கிறார்கள். குண்டுகள் மெஷினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஆடுகிறவன் கையில் ஒரு குண்டுகூடப் படாது. எத்தனை ஜெயித்தாய், எத்தனை தோற்றாய் என்பது எண்ணாக மட்டும் தெரியும். தட்டில் 15 குண்டு கலகலவென்று கொட்டுகிற சத்தமும் இல்லை, கனமும் இல்லை. இடது கை போய், கட்டைவிரல் போய், இப்போது குண்டும் கையை விட்டுப் போய்விட்டது. வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கை மட்டும் பாக்கி.

இதை எழுதும்போது என் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறான். கட்டைவிரல்தான் அங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் வலிக்கிற அளவுக்கு அழுத்தத் தேவையில்லை. எது தானாக ஓடுகிறதோ அதை நிறுத்துவது யார் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. மெஷின் ஷாப்பில் புதிதாக ஒரு மெஷின் வந்து இறங்கினால் நாங்கள் முதலில் தேடுவது ஸ்டார்ட் பட்டனை அல்ல, சிவப்பு நிற ஸ்டாப் பட்டனைத்தான்.

உங்களில் யாருக்காவது ஆணி அடித்த அந்தப் பலகை விளையாட்டை நம் ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெயர், அடுத்த தெருவில் ஒரு பெயர் இருந்தது. அடுத்த முறை அதைப் பற்றிப் பேசலாம்.